கருமணலால் இட்ட ஓரம்

மற்றவர்கள் எழுதியதை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அடுக்குவதுதான் என் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சகத்தில் நின்று நின்று முடி நரைத்த பிறகு, நானாக ஒன்று எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயமும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டை நான் தனியாக அழகு செய்தேன். அதனால் எனக்கு வாய்க்க இருந்த ஒன்று வாய்க்காமல் போயிற்று.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவார்கள். வீடு காண வருவது என்று அதற்குப் பெயர். எனக்கு ஒரு முறை அப்படி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். இருமல்காரி. காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பாள். அடுக்களைப் புகை முன்னறை வரைக்கும் வந்து சுவரெல்லாம் கரி பிடித்துக் கிடந்தது. வந்தவர்கள் நல்லபடியாகப் பேசிவிட்டுப் போய், "பையன் கொள்ளாம், வீடு இருட்டு" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். பிறகு யாரும் என்னைப் பற்றி விசாரிக்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கிறவன் இல்லை.

முப்பத்து நான்காம் வயதில் இரண்டாம் முறை வந்தது. இந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். மிஷனில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னுகிறவள். ரேந்தை விற்பனைக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று அவர்கள் எங்கள் அச்சகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். திருத்தம் பார்க்க அவள் வந்தாள். தாளை வாங்கி வாசித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இங்க பாருங்க, மாதத்துக்குக் கால் போடல்லியே" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். 'இந்த மாதம் முழுவதும் விற்பனைக்கு' என்று இருக்க வேண்டியது, 'இந்த மதம் முழுவதும் விற்பனைக்கு' என்று நின்றது.

"மிஷன் ஐயர் கண்டா நம்ம ரெண்டு பேரையும் சபைய விட்டு நீக்கிருவாரு" என்றாள்.

ஒரு காலை எடுத்து வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவள் போன பிறகு என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று பல நாள் யோசித்தேன். 'நம்ம ரெண்டு பேரையும்' என்று அவள் சொன்னதையும் யோசித்தேன். ஆகவே, எங்கள் சபை உபதேசியார் வந்து அவளுடைய பேச்சை எடுத்தபோது, அவருக்குப் பெஞ்சைத் துடைத்துப் போட்டேன்.

"அவ அப்பாவுக்குச் சம்மதம் மாதிரிதான். அடுத்த மாசம் வீடு காண வருவாவ. முந்தி நடந்தது ஓர்மை இருக்குல்லா? வீட்டக் கொஞ்சம் கவனிச்சுக்கிடும்" என்றார்.

கொத்தனைக் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிட்டுப் பேசி வேலை வாங்க எனக்கு வராது. அதோடு, எப்படி இருக்க வேண்டும் என்று என் மனசில் ஒரு உருவம் இருந்தது. அச்சகத்தில் வீணான தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் முழத்துக்கு ஒரு அங்குலமாக நாலு சுவரையும் வரைந்தேன். பெஞ்சு எங்கே, விளக்கு எங்கே, வந்தவர்கள் உட்கார்ந்தால் கண் எங்கே போகும், எல்லாம் குறித்தேன். எந்த நாளில் எந்த வேலை என்றும் எழுதி வைத்தேன்.

முதலில் சிரட்டை ஓட்டால் சுவர்க் கரியைச் சுரண்டினேன். அம்மா சமைத்த வருஷங்கள் எல்லாம் பொடிப்பொடியாக என் தலையில் விழுந்தன. கூரையில் ஏறி இரண்டு மண் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தேன். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, கஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் நீலமும் கலந்து, தாழை விழுதின் நுனியைத் தட்டிச் செய்த மட்டையால் மூன்று பூச்சுப் பூசினேன். தரைக்குச் சிரட்டைக்கரி அரைத்து மெழுகி, வழுவழுப்பான கல்லால் தேய்த்தேன். ஜன்னலுக்குப் பூப்போட்ட துணியில் மேலே சுருக்கம் வைத்து நானே திரை தைத்தேன்.

அடுத்த வீட்டு அக்கா அந்தத் திரையை வெளியே நின்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பெண்ணு வாறதுக்கு முன்ன பாவாடை வந்துட்டே தம்பி!"

அன்று முழுவதும் ஜன்னல் பக்கம் போகவில்லை. ஆனாலும் திரையைக் கழற்றவில்லை.

எல்லாம் முடிந்தபின் நடுவில் நின்று பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு முடியாத வேலையாகவே பட்டது. ஒரு பக்கத்தைக் கோத்துச் சுற்றிலும் கோடு கட்டாமல் விட்டால் எனக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதனால் தாளில் வரைந்த நாலு சுவருக்கும் நாலு பக்கமும் ஓரம் போட்டுப் பார்த்தேன். உடனே பொருந்தி வந்தது.

அதற்காக ஒரு சனிக்கிழமை மணவாளக்குறிச்சிக்கு நடந்து போனேன். அங்கே அலை பின்வாங்கிய இடத்தில் கருமணல் படிந்து கிடக்கும். ஈரத்தில் கறுப்பாகவும் வெயிலில் பொடிக் கண்ணாடி போலவும் மின்னும். சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது மீன்கூடை சுமந்து போன ஒரு பெண் நின்றாள்.

"அண்ணாச்சிக்க ஊருல மண்ணுக்கும் பஞ்சம் வந்துட்டா?"

"சுவருக்கு" என்றேன்.

"செவருக்கா? கொள்ளாம். மிச்சம் வந்தா கடலுக்கே கொண்டாந்து போட்டுரும்" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

சுவரில் நூல் பிடித்து, ஒன்றரை விரல் அகலத்துக்கு ஈரச் சுண்ணாம்பு வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மணலை உள்ளங்கையால் ஒற்றினேன். ஆறு நாள் ஆயிற்று. மூலைகளில் கோடும் கோடும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். அச்சிலும் அதுதான் கஷ்டம். என் மூலைகள் நன்றாகச் சேர்ந்தன. கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் விழுந்தபோது ஓரம் முழுவதும் மின்னியது. அடுத்த வீட்டு அக்காகூட உள்ளே வந்து பார்த்து, "ராசா கொட்டாரம் மாதிரில்லா இருக்கு" என்றாள். அவளுக்குக் கடிதம் ஏதும் வருகிற வழக்கம் இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அவர்கள் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வில்வண்டியில் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை. கூட உபதேசியார். அப்பா பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல வெளிச்சம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு மாதம் பாடுபட்டேன். அது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அத்தைக்காரி நடு அறையில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அண்ணே, இது என்னதுண்ணேன்? துட்டிக் கடிதாசிக்குள்ள வந்து நிக்கது மாதிரில்லா இருக்கு!"

துட்டி என்றால் சாவு. எங்கள் சபைக்காரர் வீடுகளில் ஒருவர் இறந்தால், வெள்ளைத் தாளில் சுற்றிலும் கறுப்பு ஓரம் கட்டி அச்சடித்து அனுப்புவார்கள். அந்த ஓரத்தைக் கண்டாலே, வாசிக்கும் முன்பே வயிற்றில் கை வைப்பார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ கட்டியிருக்கிறேன். கட்டிக் கட்டி எனக்கு அது வெறும் கோடாகிவிட்டது.

"சும்ம கெடட்டீ" என்று அதட்டினார் அப்பா.

உபதேசியார் அவசரமாகச் சிரித்தார். "கருமணலாக்கும். இவரே கடப்புறத்துல போய் அள்ளிட்டு வந்து ஒத்தக் கையாட்டுச் செஞ்சது. எப்பிடி மின்னுகு, பாருங்க."

"கை நல்ல கைதான். நாலு செவரும் நாலு கடிதாசி. இனி பேரு மட்டும் போட்டா போதும்" என்றாள் அத்தைக்காரி.

பெண்ணின் அம்மா இதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சுவரின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்க மொவனுக்க கடிதாசி நீதான் அடிச்சியா மக்கா?"

அப்போதுதான் எனக்கு ஓர்மை வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்டில் கணக்கனாக இருந்த ஒரு பையன் மலைக்காய்ச்சலில் இறந்துபோனான். அந்தக் கடிதத்தைக் கோத்தவன் நான். பெயர் மறந்துவிட்டது. ஓரத்தின் மூலைகள் நன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று முதலாளி பாராட்டியது மட்டும் மறக்கவில்லை. அந்தப் பையனின் தங்கைதான் திருத்தம் பார்க்க வந்தவள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த அம்மா அழவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "இதே வீதிதான்" என்று ஓரத்தின் அகலத்தை மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் போட்டு வைத்திருந்த சாயா அடுக்களையிலேயே இருந்தது.

அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றார். "உம்ம மேல குத்தம் ஒண்ணும் இல்ல" என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நாளில் சுரண்டி எடுத்துவிடக்கூடிய மணல்தான். 'எடுத்துவிடுகிறேன், இன்னொரு நாள் வாருங்கள்' என்று சொன்னால் போதும். அந்தச் சொற்கள் வரிசையாக என் வாயில் வந்து நின்றன. வெளியே வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். என் முன்னால் நின்றவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு திரும்பிப் போயிற்று. உபதேசியாரும் பின்னாலேயே போனார்.

வண்டிச் சத்தம் அடங்கிய பின் உள்ளே வந்தேன். வெளிச்சம் மட்டும் நன்றாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் உட்கார எனக்கு இடம் இல்லாதது போல் இருந்தது. அம்மா காலத்து இருட்டாக இருந்தால் அதில் முகத்தையாவது மறைத்துக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்களுக்குச் சம்மதம் இல்லை என்றார். நான் சரி என்றேன்.