தலை வரும் என்று சொன்னேன்

மட்டாஞ்சேரியில் ஒரு மிருக ஆசுபத்திரியில் நான் அட்டெண்டர். அக்கா வளர்த்த பசுவின் காதில் நம்பர் போட்ட மஞ்சள் கம்மலைக் குத்தியதும் நான்தான். இந்த நம்பரைத் தட்டினால் எந்த மாடு, யார் வீடு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்று அவளிடம் பெருமை அடித்தேன். பேர் வைத்திருக்கும்போது நம்பர் எதற்கு என்றாள்.

போன மழையில் அந்தப் பசு தடுமாற ஆரம்பித்தது. பின்னங்காலை இழுத்தது, தொட்டால் துள்ளியது. நாய் கடித்த தடம் இல்லை. தீவனத்தில் என்ன கலந்தாய் என்று டாக்டர் கேட்டார். தென்னைக்கு வாங்கிய எலும்புத்தூளில் ஒரு பிடி, மாட்டுக்கும் எலும்பு பலப்படும் என்று, பல வருஷமாகவே கலப்பதாக அக்கா மறைக்காமல் சொன்னாள். என்னிடமும் முன்பே சொல்லியிருக்கிறாள். சாயா குடித்துக்கொண்டே 'ம்' கொட்டியிருக்கிறேன். மாட்டுக்கு அது ஆகாது என்று ஆசுபத்திரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியவன் நான். நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் பசு செத்தது. எலும்புத்தூள் தின்பதால் வரக்கூடிய பைத்திய மாட்டு நோய் நம் நாட்டில் இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் மூளையைச் சோதித்தாக வேண்டும், வெறிநோயையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். தலையை வெட்டி ஐஸ்பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அக்கா ஒப்பவில்லை. மஞ்சள் பூசி, மாலை போட்டு, முழுசாகப் புதைப்பதுதான் அவள் வீட்டு வழக்கம். அவளைச் சம்மதிக்க வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"சோதிச்சு முடிஞ்சதும் தலைய திருப்பித் தருவாங்கக்கா. நானே கொண்டு வரேன்" என்றேன்.

யாரையும் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். டாக்டர் சொல்லியும் அசையாதவள், தம்பி சொன்னதும் விலகி நின்றாள்.

உடலை ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். தலை வந்த பிறகு ஒரேயடியாகச் செய்யலாம் என்று அவள் மஞ்சளைத் தொடவே இல்லை. அவளிடம் பால் வாங்கிய வீடுகளையும், எலும்புத்தூள் விற்ற பஜார் கடையையும் தேடித் தேடி எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாலைக் குடித்ததற்காக வெறிநோய் ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள் அவளைத்தான் ஏசினார்கள்.

ஒரு வாரம் கழித்து லேபுக்குப் போன் செய்தேன். மூளையை எடுத்த அன்றே தலையை எரித்துவிட்டார்களாம். எப்போதும் அப்படித்தானாம். நான் கேட்டதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அக்கா வீட்டுப் பக்கம் போகாமல் வேறு தெரு வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு ரிசல்ட் வந்தது. இரண்டு நோயும் இல்லை. இனி அவளை யாரும் ஏச முடியாது என்ற தைரியத்தில் போய், காகிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அதுக்கு ஒண்ணும் இல்லல்லே?" என்றாள்.

இல்லை என்றேன். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. உள்ளே போய் மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு வந்தாள். ரிசல்ட் வந்தால் தலையும் கூடவே வரும் என்றுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

"வண்டியிலயா வெச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தாள்.