நீலாம்பாள் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

என் மனைவி நீலாம்பாளுக்கு எந்தப் பொருளும் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும். கொற்கைக்குப் பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். காபித் தட்டோடு வந்தவள், வாசலில் நான் கழற்றிப்போட்ட செருப்பு கோணலாகக் கிடப்பதைப் பார்த்தாள். தட்டை அக்காள் கையில் கொடுத்துவிட்டுப் போய், அதைக் காலால் நேராகத் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வணக்கம் சொன்னாள். அடக்கமான பெண் என்று என் வீட்டார் மெச்சினார்கள். அடக்கமாவது ஒன்றாவது! கல்யாணமான நாள் முதல், துண்டை எங்கே போட்டேன், பேனாவை எங்கே வைத்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தே நான் காலம் தள்ளினேன்.

நான் டவுனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். தாணுமாலையன் பார்த்துவிட்டால் தப்பு இருக்காது என்பார்கள். எனக்கும் அந்தக் கர்வம் உண்டு. நாற்பத்தைந்து வயதில் கண்ணின் நடுப்பகுதி போயிற்று. முழுக் குருடு இல்லை. ஓரங்கள் தெரியும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. எதிரே ஆள் நின்றால் காதும் தோளும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இதற்கு மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில் கோயிலாகப் போனேன்; கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று என் காதுபடவே சொன்ன உறவுக்காரர்களும் இருந்தார்கள். நான் பத்திரிகையை நிறுத்தினேன். நீலா வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். இன்னொருத்தர் மென்று கொடுத்ததை என்னால் தின்ன முடியாது என்று எரிந்து விழுந்தேன்.

அவள் வண்ணார்பேட்டையில், பஸ் சத்தம் ஓயாத சாலையில், ஒரு மாடியில் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். அந்தப் பயிலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். நீலா அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கையில், எதிர்ச் சுவரில் பூதாகாரமாக எழுதியிருந்த சிமெண்ட் விளம்பரத்தை நான் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் வாசித்துவிட்டேன். நானே அறியாமல் வாய் முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற நீலா அதைக் கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டரில் எழுத்து வரைய ஆரம்பித்தாள்.

அச்சு எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் எனக்குப் போதாது. மெல்லிய கோடுகள் மறைந்துவிடும், சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அவள் கோடுகளைத் தடிப்பாக்கி, சுழிகளை அகலத் திறந்து, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள். தமிழில் எத்தனை எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் போயிற்று. மாலைகளில் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்சம் காட்டேன் என்று கேட்டால், "பாதி வெந்த சோத்தை யாரும் எலையில வைப்பாவளா அத்தான்? விஜயதசமிக்குக் காட்டுதேன். சின்னப்பிள்ளைய எழுத்துப் படிக்கத் தொடங்குத நாள்லா," என்பாள்.

நான் அதை லட்சியம் செய்யாதவன்போல நடித்தேன். உண்மையில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மறுபடியும் வாசிக்க முடியுமா, முடியாதா? அந்த ஒரு கேள்வியைத் தின்று, அதையே குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் நீலா பயிலகத்தைப் புரட்டிப் போட்டாள். மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, தட்டச்சு இயந்திரங்களின் பல்லிடுக்கு, எதையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வெளியே துடைத்தாயிற்று, உள்ளேயும் துடைக்க வேண்டாமா? உள்ளே எல்லாக் கோப்புகளும் அதனதன் அறையில் ஒழுங்காக இருந்தன. சில மட்டும் எந்த அறையிலும் சேராமல் வாசலிலேயே கிடந்தன. இரண்டு மூன்று ஒளிந்துகூட இருந்தனவாம்! நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றாள். மறுபடி கேட்டது. எரிச்சலோடு மறுபடி ஆமாம் என்றாள். அணைத்தாள். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். கோப்புகளைப் பதிந்துவைக்கும் பிளாப்பித் தகடுகளைப் புத்தகங்களோடு அடுக்கி, அவற்றுக்கும் தாராளமாகக் குங்குமம் வைத்தாள். பூஜையன்று எதையும் தொடக்கூடாது என்பதால் யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் விளக்கேற்றிச் சுண்டல் படைத்துவிட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். விசையைத் தட்டினாள். எனக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் மனப்பாடம். முதலில் விசிறி மூச்சு விடும். பிறகு டிக் டிக்கென்று எண்ணும். ஒரு கூவல் கேட்கும். அடுத்து உள்ளே கடகடவென்று தேட ஆரம்பிக்கும். அன்று கூவலோடு நின்றுவிட்டது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏட்டி, என்ன ஆச்சு?"

"இதுல சிஸ்டம் இல்லைன்னு வருது அத்தான். வேற டிஸ்க் போடுங்குது." திரும்ப முடுக்கினாள். அதே கதைதான். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "நாந்தான் அத்தான். வாசல்ல கெடந்ததைத் தொடைச்சேன்லா."

கம்ப்யூட்டர் விற்றவர்களுக்குப் போன் போட்டாள். அங்கிருந்த ஒருவர் இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரித்தார். ஃபார்மட் பண்ணிவிடுங்கள், பத்து நிமிஷ வேலை என்றார். "உள்ள இருக்கதெல்லாம்?" என்று இவள் கேட்டாள். "எல்லாம் போயிரும்மா. மெசின் சுத்தமாயிரும்," என்றார். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டு நீலா நடுங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டாள்.

ஆபத்துக்கென்று கம்ப்யூட்டரோடு வந்த பிளாப்பி ஒன்று இருந்தது. பூஜையிலிருந்து எடுத்துப் போட்டாள். கரகரவென்று அரைத்துவிட்டுத் துப்பியது. மூடியைத் தள்ளிப் பார்த்தால் உள்ளேயெல்லாம் குங்குமம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது. எனக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. என் எழுத்தெல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை என்று நினைக்கிறேன். திரும்பியிருந்தாலும் எனக்குத் தெரியாது.

பீர் முகம்மது நினைவுக்கு வந்தான். நீலாவிடம் தட்டச்சு படித்தவன். மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் நிலையம் வைத்திருந்தான். அங்கே சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. போன் போட்டதும், தன் கம்ப்யூட்டரிலேயே புதிய பிளாப்பி ஒன்று தயார் செய்துகொண்டு மொபெட்டில் வந்து இறங்கினான்.

"பயப்படாதீய டீச்சர். பைய பாப்போம்," என்றான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏலே, உள்ள எழுத்து இருக்கா, இல்லியா? அதை மட்டும் சொல்லுலே."

"பாத்தாத்தான் தெரியும் அண்ணாச்சி. டீச்சர் அழிச்சது மெசினு எந்திரிக்கதுக்கு உள்ள கோப்புன்னு நெனைக்கேன். கரண்டு போட்ட ஒடனே இதுக்கு ஒண்ணுமே தெரியாது. தான் கம்ப்யூட்டருங்கதே தெரியாது. ஒரே ஒரு காரியந்தான் தெரியும்: டிஸ்குல முதல் எடத்துல இருக்கதை வாசிக்கணும். அதை வாசிச்சா, அடுத்தது எங்கன இருக்குன்னு அது சொல்லும். அங்கன போயி வாசிச்சா அதுக்கடுத்தது. இப்படி வாசிச்சு வாசிச்சுத்தான் தான் யாருன்னு அதுக்கே தெரிய வரும்."

"தெனமுமா?"

"தெனமுந்தான் அண்ணாச்சி. அணைச்சா எல்லாம் மறந்துரும். மறுநா மறுபடியும் மொதல்லருந்து."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கோயில் கோயிலாகப் போனபோதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை. அத்தனை கணக்குப் போடுகிற, அத்தனை எழுத்து வரைகிற அந்தப் பெட்டி, ஒவ்வொரு நாளும் ஒன்றும் தெரியாமல் கண் விழித்து, ஒரு வரியை வாசித்து, அந்த வரியைப் பிடித்து அடுத்த வரிக்கு ஏறி, கடைசியில் தன்னைத் தானே கண்டுபிடிக்கிறது. வாசிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் தான் யாரென்றே அதற்குத் தெரியாது. மூன்று வருஷமாக நான் கிடந்த கிடையும் அதுதான். அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பீர் முகம்மது பிளாப்பியைப் போட்டான். கம்ப்யூட்டர் அதை வாசித்து அரைகுறையாக எழுந்தது. "நீங்களே அடிங்க டீச்சர்," என்று ஒதுங்கி நின்றான். ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று நீலா கேட்டு அடித்தாள். கடகடவென்று சத்தம் வந்தது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஏதோ ஆங்கிலப் பெயர்கள். பிறகு, "தாணு," என்றாள்.

"என்னட்டி?"

"ஒங்களைக் கூப்பிடலை அத்தான். எழுத்து வச்சிருக்க அறைக்கு அதான் பேரு. இருக்கு. எல்லாம் அப்படியே இருக்கு."

அந்தப் பெட்டிக்குள் என் பெயரில் ஓர் அறை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. வாசலில் கிடந்ததை மட்டும் துடைத்திருக்கிறாள்; வீடு முழுசாக இருந்தது.

முதல் காரியமாக அந்த அறையை அப்படியே இன்னொரு பிளாப்பிக்குப் பிரதி எடுக்கச் சொன்னான் பீர் முகம்மது. எடுத்தாள். அதன் பிறகு அவன் சொன்ன கட்டளையை அடித்தாள். அழிந்துபோன தொடக்கக் கோப்புகள் பிளாப்பியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறின. கூடவே வேண்டிய இரண்டொரு வரிகளை அவன் சொல்லச் சொல்ல எழுதிச் சேர்த்தாள். பிளாப்பியை வெளியே எடுத்தார்கள். அணைத்துவிட்டு மறுபடி முடுக்கினார்கள்.

விசிறி மூச்சு விட்டது. டிக் டிக்கென்று எண்ணியது. கூவியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடகடவென்று உள்ளே எழுந்தது அந்தச் சத்தம். தேடியது, வாசித்தது, இன்னும் தேடியது. என் கை தானாகக் குவிந்தது. யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நீலா தன் எழுத்தைத் திறந்தாள். திரை வெள்ளையாக விரிந்தது. "சொல்லுங்க அத்தான். என்ன அடிக்க?"

ஒரு வருஷமாக ஏங்கியவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. செய்தியா, பாட்டா, சாமி பேரா? "ஒம் பேரை அடி," என்றேன்.

அடித்தாள். தலையைச் சாய்த்துத் திரையின் ஓரத்தைப் பார்த்தேன். கரிய, தடித்த எழுத்துகள் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. நீ. லா. ம். பா. ள். சத்தம் போட்டு வாசித்தேன். எழுத்துக் கூட்டாமல் இன்னொரு தடவை முழுசாக வாசித்தேன். பீர் முகம்மது மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டான்.

"தெரியுதா அத்தான்? சரியா இருக்கா? எதுவும் திருத்தணுமா?" என்று அவள் குனிந்து கேட்டாள். நான் அவளை நேராகப் பார்த்தேன். காது தெரிந்தது, கம்மல் தெரிந்தது, பூ தெரிந்தது. நடுவில் அந்தச் சாம்பல் திட்டு. அவள் முகத்தை நான் இனிப் பார்க்கப் போவதில்லை.

திரைப் பக்கம் திரும்பி, பக்கம் முழுக்க அந்தப் பெயரையே அடிக்கச் சொன்னேன்.