வைரஸ் வராத லேப்டாப்

மழை நாளில் ஏலக்காய் ஸ்டோருக்குள் உட்கார்ந்திருந்தால் கண் தானாகச் செருகும். பச்சைக் காய் உலரும் சூடும் மணமும் உடம்புக்குள் இறங்கும். சன்னலுக்கு வெளியே மூடுபனி மலையை எடுத்துக்கொண்டு போயிருக்கும். போடிமெட்டுக்கு மேலே உள்ள அந்த ஸ்டோரில் உலை பார்ப்பது என் வேலை. அப்படி ஒரு மதியத்தில்தான் மகளின் லேப்டாப்பைத் திறந்தேன்.

என் மச்சினன் கொடுத்த பழைய லேப்டாப் அது. "இதுல இருக்கிறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ் மச்சான். வைரஸே வராது" என்று சொல்லியிருந்தான். மகள் கல்லூரியில் கடைசி வருடம், விடுமுறைக்கு வந்திருந்தாள். இன்டர்நெட்டில் சாட்டிலைட் மேகப் படம் பார்க்க எனக்குப் பிடிக்கும் என்பதால் பாஸ்வேர்டை எனக்குச் சொல்லியிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் எழுத்துகளைச் சாக்குகளில் அடித்திருக்கும் அச்சைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

திரையில் மேகங்கள் வெள்ளையாக நகர்ந்துகொண்டிருந்தன. நானும் அவற்றோடு கேரளத்துப் பக்கமிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தேன். அப்போது குறுக்கே ஒரு கட்டம் வந்து நின்றது. உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த மென்பொருளை ஏற்றினால் சுத்தமாகிவிடும் என்று நல்ல தமிழில் சொன்னது. வைரஸே வராத பெட்டிக்கு இது எதற்கு என்று தோன்றியது. வராதென்றால் ஏற்றினாலும் கெடுதல் இல்லையே என்றும் தோன்றியது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாஸ்வேர்ட் கேட்டது. எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன்.

மறுநாள் அதில் எந்த ஃபைலும் திறக்கவில்லை. அவள் எழுதி முடித்த ப்ராஜெக்ட் உள்ளே இருந்தது. வேறு நகல் இல்லை. திங்கட்கிழமை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ஜீப்பில் போடிக்கு இறங்கினோம். நேற்று எதையோ ஏற்றியதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"லினக்ஸ்ல வைரஸ் வராதுன்னாங்களேண்ணே" என்றாள், ரிப்பேர் கடைக்காரரிடம்.

"கொறச்சலா வரும். வரவே வராதுன்னு எவன் சொன்னான்? அதுவா உள்ள வர்றதுதேன் கஷ்டம். பாஸ்வேர்டப் போட்டு வாங்க வாங்கன்னு நாமளே கூப்ட்டா, வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிரும்."

"நான் யாருக்கும் பாஸ்வேர்டு குடுக்கலண்ணே."

யாருக்கும் என்ற கணக்கில் அவள் என்னைச் சேர்க்கவில்லை.

"எந்த வைரஸ் வந்து ஃபைலையெல்லாம் பூட்டுச்சுன்னு தெரிஞ்சா சாவி இருக்கான்னு தேடிப் பாக்கலாம். தெரியலைன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட வேண்டியதுதேன்."

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"நாந்தேன்" என்றேன். "நேத்து மத்தியானம். மேகம் பாக்கையில."

அவள் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "நல்ல மனுசன்மா உங்கப்பா. கேட்டவுகளுக்கு இல்லைங்காம குடுத்திருக்காரு!"

நேற்று மதியம் வந்திறங்கியது என்ன என்று தேடிக் கண்டுபிடித்தார். அதற்கு ஏற்கெனவே யாரோ சாவி செய்து வைத்திருந்தார்களாம். பொழுது சாயும் நேரத்தில் ப்ராஜெக்ட் திறந்தது. அவள் எடுத்து வைத்திருந்த போட்டோக்களில் பாதி திறக்கவில்லை.

"ஏப்பா, நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன் ஆத்தா. வரல."

வளைவுகளில் ஜீப் ஏறியது. கீழே போடி விளக்குகள் நனைந்து கலங்கித் தெரிந்தன. தூக்கம் வருகிறது என்று சொல்லி அவள் லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். கடையிலேயே அவள் பாஸ்வேர்டை மாற்றியதை நான் பார்த்திருந்தேன். குலுங்கும் போதெல்லாம் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.