தீவுக்குப் போன பதினெட்டுப் பார்சல்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். என் விஷயத்தில் யுத்தம் அதையும் தலைகீழாக்கிவிட்டது. மாப்பிள்ளை லண்டனில், அவரால் வர முடியாது, நான்தான் பெட்டி கட்ட வேண்டும். புறப்பட ஐந்து நாள் இருக்கையில் அப்பா கேட்டார், "போறத்துக்கு முதல் உனக்கு என்ன வேணும், மனே?" நகை நட்டு ஏதாவது கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"அந்தத் தீவுக்குப் போகோணும்" என்றேன்.

கல்லடியில் எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் வாவி. வாவியின் நடுவே பச்சைப்பசேலென்று அந்தத் தீவு. அதைப் பார்த்துப் பார்த்தே எத்தனை தேங்காய் துருவியிருப்பேன்! ஒரு நாளும் கால் வைத்ததில்லை. சின்ன வயதில் "வளந்த பிறகு போகலாம்" என்றார்கள். வளர்ந்தபோது சண்டை தொடங்கிவிட்டது. இந்தக் கரையில் ஆமி, அந்தக் கரையில் ஆயுதம் தூக்கிய இயக்கம். நடுவில் கிடந்த தீவின் பக்கம் மீன்பிடிக்கிறவர்களைத் தவிர யாரும் போவதில்லை. இப்போது விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பி வாவியில் தொழில் செய்கிறவர். அந்த மாதம் கொஞ்சம் அமைதியாக இருந்ததால் மாமா துறைக்குப் போய் ஆமியிடம் கேட்டுவிட்டு வந்தார். "ஆறு பேர் போகலாமாம். மூணு மணிக்குள்ள திரும்பிடணுமாம்."

நானும் தங்கைகள் இருவரும் துள்ளிய துள்ளலில் குசினித் தட்டிலிருந்து ஒரு கோப்பை விழுந்தது. "லண்டனுக்குப் போறதுக்கு இவள் இப்பிடித் துள்ளல்லயே" என்று அம்மா முணுமுணுத்தார்.

மறுநாள் காலை மாமா இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, "கப்பல் ரெடி" என்றார். கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நான் முதல் ஆளாக ஏறினேன். துறையில் நின்ற ஆமிக்காரன் எங்களை எண்ணினான். பிறகு அம்மாவின் பெரிய கூடையைக் கிளறி, வாழையிலைச் சோற்றுப் பார்சல்களையும் எண்ணினான். தமிழ் அவனுக்குக் கொஞ்சம் வரும்.

"ஆள் ஆறு. பார்சல் பதினெட்டு. மிச்சம் யாருக்கு?"

பயணத்துக்கு ஆளை எண்ணிச் சோறு கட்டுவது எங்கள் வீட்டில் கஞ்சத்தனம். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் உள்ளதைச் சொன்னார்.

"ஆரும் வந்தாக் குடுக்கத்தான்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆளில்லாத தீவில், அக்கரைக்குப் பக்கத்தில், யார் வருவார்கள்? ஆமி யாரை நினைப்பான் என்று என் கடைசித் தங்கைக்குக்கூடத் தெரியும். அவன் உள்ளே போய், தன் மேலதிகாரியான ஒரு பெரியவரைக் கூட்டிவந்தான். பெரியவர் கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வீட்டுப் பக்கமாகக் கையைக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உங்கட வாயால எல்லாம் போச்சு!" என்று அம்மாவின் மேல் பாய்ந்தேன்.

"ஏன், நான் பொய்யா சொன்னன்?" என்றார் அம்மா. எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒரு பார்சலைப் பிரித்தார். இறால் பொரியல் வாசம் துறை முழுக்கப் பரவியது. அதில் ஒரு வாய் அள்ளித் தான் தின்று காட்டிவிட்டு, இலையோடு பெரியவரிடம் நீட்டினார். "இந்தா தம்பி. நீங்க வந்திருக்கயள்தானே, உங்களுக்கும்தான்."

எவ்வளவு விளங்கியதோ, பெரியவர் சிரித்துவிட்டார். பன்னிரண்டு பார்சல் துறையில் இறங்கியது. ஆறோடு நாங்கள் புறப்பட்டோம்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்ல! மாமா சவள் துடுப்பை வலிக்க வலிக்க, யன்னல் அளவில் இருந்த தீவு பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்டல் மர வேர்களுக்கிடையில் நண்டுகள் ஓடின. நாங்கள் கத்திய கத்தலில் கொக்குகள் ஒன்றாகக் கிளம்பி வானத்தை மறைத்தன. இறங்கியதும் சேறு புதுச் செருப்பில் ஒன்றை விழுங்கியது. போகட்டும் என்று மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். நாவல் மரத்தடியெல்லாம் பழம். தின்று தின்று மூன்று பேரின் நாக்கும் ஊதா. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஒருவர் பற்றைக்குள்ளிருந்து வந்தார். அக்கரையிலிருந்து வலை வீச வந்தவர். விடியலிலிருந்து சாப்பிடவில்லையாம். அம்மா தன் பார்சலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? ஆரும் வருவாங்க எண்டு சொன்னனான்தானே."

பிறகு என் இலையிலேயே கை வைத்தார். இருவரும் ஒரே இலையில் தின்றோம். கடைசி இறாலை எனக்கு ஊட்டிவிட்டார்.

லண்டனில் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்ததை என் கணவர் மூடி திறந்து பார்த்தார். அவர் ஊரைவிட்டுப் பத்து வருடம்.

"நாம ரெண்டு பேர்தானே, மிச்சம் ஆருக்கு?" என்று கேட்டார்.

சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டேன். "ஆரும் வந்தாக் குடுக்கத்தான்" என்றேன். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.