நிறுத்தத் தெரிந்தவர்

எதிரில் இருக்கும் டீக்கடைக்கு ஆத்தப்பன் மொபெட்டில் போகிறார். கம்பெனி வாசலில் ஏறி, இரண்டு மிதி மிதித்து, பல்லடம் ரோட்டைக் குறுக்கே கடந்ததும் இறங்கிவிடுகிறார். டீ ஆறுவதற்கு ஆகும் நேரத்தைவிட வண்டி கிளம்புவதற்கு ஆகும் நேரம் அதிகம். நடந்தே போகலாமே என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"நடக்கறதுன்னா லேசுன்னு நெனைச்சுட்டீங்களா? அதுல இருக்கற கஷ்டம் எனக்குத்தானுங்க தெரியும்."

சொல்வது உண்மைதான். இரண்டு காலால் நடக்கும் இயந்திரம் ஒன்றைச் சில வருடங்களாக அவர் செய்துகொண்டிருக்கிறார்.

அருள்புரத்தில் அர்த்தநாரி என்பவரின் பனியன் துணி கம்பெனியில் ஆத்தப்பன் பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். வட்ட வட்டமான பின்னல் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கொட்டகை அது. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் நூல் கோன்கள் சுற்றி நிற்கும். கோனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு சிறு கம்பிக் கொக்கியைத் தாங்கியபடி ஊசிக்குப் போகிறது. நூல் அறுந்தால் கொக்கி விழும், சிவப்பு விளக்கு எரியும், இயந்திரம் அந்த நொடியே நிற்கும். நிற்காவிட்டால் துணி முழுக்க ஓட்டை. இந்தக் கொக்கிகளும் விளக்குகளும் ஆத்தப்பனின் பொறுப்பு. வேலைக்குப் புதிதாக வருகிற எவருக்கும் அவர் முதலில் சொல்வது இதுதான்: "ஓட்டறதுக்கு ரோட்ல போறவன் வந்தாப் போதுமுங்க. நிறுத்தறதுக்குத்தான் ஆத்தப்பன் வேணும்."

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணாடி டம்ளரை வாயருகில் நிறுத்தி, கொட்டகைச் சத்தத்தைக் கேட்டே, "மூணாவது மிசின்ல நூலு போச்சு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறாக இருந்தால், போகப்போகிறது என்று அர்த்தம். இரண்டாவது டீக்குள் எப்படியும் ஒரு நூல் போய்விடும். அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

குள்ளமான மனிதர். காதில் பென்சில் இருக்க வேண்டிய இடத்தில் பின்னல் ஊசி. பகல் முழுவதும் பறக்கும் பஞ்சு புருவத்தில் படிந்து, சாயங்காலத்துக்குள் அவரைக் கிழவராக்கிவிடும். குழாயடியில் முகம் கழுவியதும் நாற்பத்தைந்து வயது திரும்பி வரும். உலகத்துக்கே பனியன் போட்டுவிடுகிற ஊரில் பிறந்தும் சட்டைக்குள் பனியன் போடமாட்டார். வேர்க்குமாம்.

ஆனால் அவருடைய இயந்திரம் பனியன் போட்டிருக்கிறது. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட குழந்தைப் பனியன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. உள்ளே மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலேக்களில் பஞ்சு அடையாமல் இருக்க அந்த ஏற்பாடு. இடுப்பளவு உயரம், தலை கிடையாது, கால்கள் அலுமினியக் குழாய், இடுப்பில் லாரியின் வைப்பர் மோட்டார்கள், பாதம் பலகை, அதன் அடியில் சைக்கிள் டயர். எந்தக் கால் தரையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பழைய பின்னல் இயந்திரத்தில் கழற்றிய சுவிட்சுகளை உள்ளங்காலில் வைத்திருக்கிறார். நெஞ்சில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சொட்டுப் பாதரசம். உடம்பு முன்னால் சாய்ந்தால் பாதரசம் ஓடிப்போய் இரண்டு கம்பிகளை இணைக்கும்.

"நமக்குக் காதுக்குள்ள தண்ணி இருக்குதுங்களாமா. சாஞ்சா அது சொல்லுது. இவனுக்குப் பாதரசம் சொல்லுது" என்று விளக்குவார். பக்கத்தில் திருமுருகன்பூண்டியில் அற்புதமாகச் சிலை செய்கிறார்களே என்று பேச்சு வந்தால் உடனே சொல்வார்: "செய்யட்டுமுங்க. அவங்க செய்யறது நின்னாப் போதும். நான் செய்யறது நடக்கோணுமல்லங்க?"

நடக்கவில்லை என்பதுதான் சங்கடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையின் மூலையில் அதை நிறுத்திச் சுவிட்சைப் போடுவார். இடது கால், வலது கால், மறுபடி இடது கால். அந்த இடத்தில் உடம்பு லேசாக முன்னால் சாயும். பாதரசம் ஓடும். மின்சாரம் நின்றுபோகும். ஒரு காலைத் தூக்கியபடி இயந்திரம் அப்படியே உறைந்து, உறைந்த கோலத்திலேயே குப்புற விழும்.

துணியை விளக்கு மேசையில் விரித்து ஓட்டை தேடுகிற நஞ்சம்மாள், மனிதர்களிடமும் அதையே தேடுகிறவர். "ஏனுங்ணா, உங்க மாப்ளைக்கு இன்னைக்கும் மயக்கமுங்களா?" என்பார்.

"சாஞ்ச உடனே நின்னுச்சு, பாத்தியா? சென்சார் கரெக்ட்டு!"

"குப்புற உழுந்து கெடக்குதுங்ணா."

"அது கால் பிரச்சினை. சென்சாருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

எனவே வருடக்கணக்காகக் காலைத் திருத்தினார். காலைக் குட்டையாக்கினார், பாதத்தை அகலமாக்கினார். பாதரசக் குழாயையும் விட்டுவைக்கவில்லை. இன்னும் சீக்கிரம் சாய்வை உணரும்படி நுணுக்கினார். இயந்திரம் இன்னும் சீக்கிரம் நின்றது. இன்னும் சீக்கிரம் விழுந்தது.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அர்த்தநாரி அந்த மூலைக்கு வந்து நின்றார்.

"ஆத்தப்பா, பூசை முடிஞ்சா இங்க புது மிசின் எறங்குது. உன்ற பொம்மைய வேஸ்ட் குடோனுக்குத் தூக்கீரு."

"பொம்மைங்களா?" ஆத்தப்பனின் குரல் உயர்ந்தது. "அது மிசினுங் மொதலாளி."

"மிசின்னா பூசையில பொட்டு வாங்கோணுமல்ல? தானா நடந்து வந்து வாங்கிக்கட்டும், ஆபீஸ் வாசல்லயே எடம் தர்றேன். இல்லீன்னா குடோன்."

வேஸ்ட் குடோனுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. கழிவுப் பஞ்சோடு சேர்ந்து எடைக்குப் போய்விடும். ஆத்தப்பனுக்கு இது தெரியும். இருந்தும் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "சரிங்!" என்றார். அதற்குப் பிறகு டீக்கடையில் உட்கார்ந்தால் எந்த நூல் அறுந்ததும் அவர் காதில் விழவில்லை.

பதில் பசீர் அகமதுவின் உருவத்தில் வந்தது. நூல் வியாபாரி, கனத்த உடம்பு, நிதானமான நடை. கோன் சரக்கு பற்றிப் பேச வந்தவர் இயந்திரங்களுக்கு நடுவே வரும்போது கீழே கிடந்த கழிவு மூட்டையைப் பார்க்கவில்லை. நஞ்சம்மாள் "பாத்துங் பாய்!" என்று கத்துவதற்குள் கால் தடுக்கிவிட்டது. உடம்பு முன்னால் பாய்ந்தது. கால்கள் அதைத் துரத்திக்கொண்டு குடுகுடுவென ஓடின. கொட்டகையின் கடைசிச் சுவருக்கு முன்னால் காலும் உடம்பும் ஒருவழியாகச் சந்தித்துக்கொள்ள, பாய் நிமிர்ந்து நின்று, கௌரவத்துக்காக மட்டும் சுவரில் கை வைத்தார்.

எல்லோரும் ஓடினார்கள். நஞ்சம்மாள் தண்ணீர் கொடுத்தார். ஆத்தப்பன் மூட்டையைப் பழைய இடத்திலேயே எடுத்துப் போட்டார்.

"பாய், மறுக்கா ஒருக்கா தடுக்குங்க. கொஞ்சம் மெதுவா."

"யா அல்லா! நான் செத்துப் பொழைச்சு நிக்கறேன், உனக்கு வேடிக்கையா இருக்குதா?"

"இல்லீங் பாய். சாஞ்சீங்கல்ல? சாஞ்ச உடனே நிக்கறதுதானே மொறை? ஏன் நிக்கல?"

"நின்னா உழுந்துருவேனல்லய்யா!" இதையெல்லாம் கூட ஒரு பிட்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற எரிச்சல் பாயின் குரலில் இருந்தது.

ஆத்தப்பன் ஒரு கோன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். குறை கண்டால் நில் என்பதை வேதமாக ஓதி, அதனாலேயே பேர் வாங்கியவர் அவர். அன்று மாலைவரை வேதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "பாய் மனுசன். மிசின் வேற" என்று நஞ்சம்மாளிடம் இரண்டு முறை சொன்னார். "நான் ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார் நஞ்சம்மாள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கம்பி வெட்டப்பட்டது.

மாற்றியது அந்த ஒரு கம்பியைத்தான். பாதரசக் குழாயிலிருந்து நிறுத்தும் ரிலேவுக்குப் போனதை எடுத்து, மோட்டாரின் வேகத்தைக் கூட்டுகிற இடத்தில் சேர்த்தார். நிமிர்ந்திருக்கும்வரை மெதுவான நடை. முன்னால் சாய்ந்தால் முழு பேட்டரியும் காலுக்கு. கால் உடம்பைப் பிடித்ததும் பழைய நடை. பனியனின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டே, "சாஞ்சா நிக்காதறா. சாஞ்சா ஓடு" என்று அதனிடம் சொன்னார். பின்னல் இயந்திரங்களின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாள் குரல் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. யோசனை யாருடையது என்று கேட்டவர்களிடம், "என்றதுங்க. பாய் சும்மா தடுக்குனாரு, அவ்வளவுதான்" என்றார்.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களைக் கழுவித் துடைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஒன்றும் ஓடவில்லை. சத்தத்தில் கத்திக் கத்திப் பழகியவர்கள் அந்த அமைதியிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் பொரி வாங்கிக்கொள்ள வருகிற பசீர் அகமதுவும் வந்து, இந்த முறை தரையை நன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமி படத்துக்கு முன்னால் அர்த்தநாரி சந்தனக் கிண்ணத்தோடு இருந்தார்.

மூலையில் ஆத்தப்பன் சுவிட்சைப் போட்டார். இடது கால். வலது கால். அதுவரை ஒருநாளும் தாண்டாத மூன்றாவது அடி. சாய்ந்தது, கால் ஒருமுறை வேகமாக வீசி உடம்பைப் பிடித்துக்கொண்டது. நஞ்சம்மாள் கையிலிருந்த பொரியை வாயில் போட மறந்தார். இயந்திரம் வாழைக்கன்றுகளுக்கு நடுவே டக் டக்கென்று வந்தது, பக்கத்திலேயே ஆத்தப்பனும் வந்தார், கண்ணை அதன் பாதத்திலிருந்து எடுக்காமல்.

சாமி படத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிமெண்டுத் தரையில் ஒரு விளிம்பு. பாதம் அதில் இடித்தது. உடம்பு இதுவரை சாயாத அளவு சாய்ந்தது.

"அண்ணா, புடிங்ணா!" என்றார் நஞ்சம்மாள்.

"புடி, புடி!" என்று கத்திய அர்த்தநாரி, கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதைத் தாங்க வலது கையை நீட்டினார். எதிரே விழுந்துகொண்டிருந்தது தாம் குடோனுக்கு அனுப்பவிருந்த பொம்மை என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

ஆத்தப்பன் முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையைத் தடுத்தார். "தொடாதீங்!"

கால்கள் குடுகுடுவென ஓடின. உடம்பை எட்டிப் பிடித்தன. இயந்திரம் நிமிர்ந்து, பழைய நடையில் இரண்டு அடி வைத்து, அர்த்தநாரியின் முன்னால் வந்தது. ஆத்தப்பன் மற்ற கையால் சுவிட்சை அணைத்தார்.

கொட்டகையில் யாரும் கத்தவில்லை. பிடித்த மணிக்கட்டை விட வேண்டும் என்று ஆத்தப்பனுக்குத் தோன்றவில்லை. விடச் சொல்ல அர்த்தநாரிக்கும் தோன்றவில்லை. அந்தக் கையை அப்படியே கிண்ணத்துக்கு இறக்கி, விரலில் சந்தனம் படும்வரை காத்திருந்து, நெற்றி இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார் ஆத்தப்பன்.