திரை காட்டிய மூன்றடி

போன வருஷம் தை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற பஸ் பஞ்சராகி ஒரு ஏரிக்கரையோரம் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை பெய்த வருஷம், ஏரி நிறைந்து வழிந்து கோடி போயிருந்தது. மீன் வியாபாரி யாரோ தூக்கிப்போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்று அதில் மிதந்தது. அதன் மூடி பாதி திறந்து செங்குத்தாக நிற்க, காற்று அதைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்கு நேராகப் போனது. மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை, வெறும் ஒரு மூடி. ‘இதுல நாம ஏறி உக்காந்தா இன்னா?’ என்று எனக்குத் தோன்றியது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற மெஷினுக்கு டிசைன் போடுகிறேன். அண்ணன் இன்னொரு கம்பெனியில் சோல் ஒட்டுகிற லைனில் இருந்தான். அவன் ஒட்டிய சோல் பிரிந்தது என்று புகார் வந்ததே கிடையாது. அண்ணி அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். எனக்கு ஏதாவது கிறுக்குப் பிடித்தால் முதலில் மாட்டுவது அண்ணன்தான். “படகு கட்லாமாணா?” என்றேன். “இன்னா சைஸு?” என்று கேட்டான். அவ்வளவுதான் யோசித்தான்.

இணையத்தில் கிடைத்த வரைபடத்தை வைத்து, பிளைவுட்டில் பத்தடிப் படகு ஒன்றை ரெண்டு மாசத்தில் கட்டி முடித்தான். பாய்மரத் துணியை அண்ணி தைத்துக் கொடுத்தாள், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. “உங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. பாலாத்துல மணலத்தான் பாத்து வளந்திருக்கீங்க. கால் எட்டுற தண்ணியில மட்டும் ஓட்டுங்க. அதுக்கு மேல போனீங்கன்னு தெரிஞ்சுது, படக ஒடச்சி அடுப்புல வச்சிடுவேன்” என்றாள். அண்ணன் சிரித்தான். நான் சத்தியமே செய்துவிட்டேன்.

கால் எட்டுகிற தண்ணீர் எது, எட்டாத தண்ணீர் எது என்று படகில் உட்கார்ந்தபடி எப்படித் தெரியும்? அங்கேதான் என் படிப்பு உள்ளே வந்தது. ஜி.பி.எஸ். வரைபடமும் சோனாரும் சேர்ந்த கருவி ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். கடலில் போகிறவர்கள் ஆழம் கம்மியான இடத்தில் தரை தட்டிவிடக் கூடாது என்று இதை வாங்குவார்கள். நாங்கள் ஆழம் ஜாஸ்தியான இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று வாங்கினோம்.

அதைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! சாப்பிடும்போதும் போன், பஸ்ஸிலும் போன். செல்போனோடு இணைகிற பந்து மாதிரி ஒன்று இருந்தது. மலிவுதான், ஆனால் வெயிலில் போன் திரை தெரியாது. பெரிய திரை உள்ளது, இதற்காக அண்ணன் எடுத்து வைத்திருந்த போனஸுக்குள் அடங்காது. சிலதில் கடல் வரைபடம் மட்டும்தான். எங்கள் ஏரி அதில் வெறும் தரையாகத் தெரியும். கடைசியில், ஓட்டிக்கொண்டு போகப் போக நாமே ஆழ வரைபடம் வரைந்துகொள்கிற வசதியோடு ஐந்து அங்குலத் திரை உள்ள பழைய கருவி ஒன்று சென்னையில் கிடைத்தது. பைக் பேட்டரியே போதும். இதைவிட மலிவாக, இதைவிட நல்லதாக யாராலும் தேடியிருக்க முடியாது என்று எனக்கு ஒரே கர்வம்.

ஒலி அனுப்புகிற சின்னத் துண்டை படகின் பின்பக்கம், தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு முதல் தடவை கரைச் சரிவில் படகை இழுத்து இறக்கும்போதே கல்லில் உரசி அதன் அடியில் கீறல் விழுந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கருவியை ஆன் கூடச் செய்யாமல் படகைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

எங்கள் ஊரில் எது தேய்ந்தாலும் ஒரே வைத்தியம்தான். “அதுக்கும் ஒரு சோல் போட்ருணா” என்றேன் நான்.

“ஒண்ணும் ஆவாதா பாப்பா?”

“அது அல்ட்ராசவுண்டுணா. எதுலயும் பூந்து போவும்.”

செருப்புக்குள் மெத்தென்று வைக்கிற ஸ்பாஞ்ச் ஷீட்டை அளவாக வெட்டி, கம்பெனிப் பசையை, சொல்யூஷன் என்போம், ரெண்டு கோட் பூசி, அந்தத் துண்டின் முகத்தில் ஒட்டினான். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, “பாரு, எக்ஸ்போர்ட் குவாலிட்டி” என்றான்.

அடுத்த ஞாயிறு ஏரியில் இறக்கினோம். கரைக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியை ஊன்றிப் பார்த்தால் மூன்றடி. திரையிலும் மூன்றடி. அண்ணன் கையைத் தட்டினான். கம்பெனியில் முதல் ஜோடி பாஸ் ஆனால் லைன் ஓட ஆரம்பித்துவிடும், அந்தப் பழக்கம் எங்களுக்கு. ரெண்டாவது இடத்தில் குச்சி வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நாலு ஞாயிறு ஓட்டினோம். அது ஒரு சுகம்தான், பொய் சொல்ல மாட்டேன். திரையில் நாங்கள் போன பாதையெல்லாம் ஒரே வெளிர்நீலம். எங்கே போனாலும் மூன்று, மூணேகால், மறுபடி மூன்று. “ஏரி தாம்பாளம் மாதிரி சமமா இருக்குணா” என்று பெருமையாகச் சொன்னேன். எந்த ஏரி தாம்பாளம் மாதிரி இருக்கும்? படித்தவளுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஐந்தாவது ஞாயிறு. தண்ணீருக்குள் பாதி முங்கியிருந்த கருவேல மரத்தின் கிளையில் பாய்மரத் துணி சிக்கிக்கொண்டது. இழுத்தால் கிழியும். அண்ணி தைத்தது.

“எவ்ளோ காட்டுது?”

“மூணு.”

“அப்ப எறங்கித் தள்றேன், நீ கயித்தப் பிடி” என்றான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் பலகையில் வைத்திருந்தான். இடுப்பளவுத் தண்ணிக்கு எதுக்கு என்று அவன் நினைத்தான். போட்டுக்கோ என்று நானும் சொல்லவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசற்படி இறங்குகிற மாதிரி ஒரு காலை வெளியே வைத்தான். போய்விட்டான். தலைகூடத் தெரியவில்லை. ஒரு கை மட்டும் மேலே வந்து, படகுக்கு ஒரு முழம் தள்ளி, காற்றைப் பிடித்துவிட்டு உள்ளே போனது. நான் துடுப்பை நீட்டினேன். லைஃப் ஜாக்கெட்டை எறிந்தேன். கத்தினேன். திரையைப் பார்த்தேன், அது மூன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

லாரி டயர் ட்யூபில் உட்கார்ந்து மீனுக்கு வலை விடுகிற ஒருவர் தூரத்தில் இருந்தார். என் கத்தலைக் கேட்டு ட்யூபை விட்டுக் குதித்து நீந்தி வந்தார். ரெண்டு தடவை முங்கியும் வெறுங்கையோடு எழுந்தார். மூன்றாவது தடவை அண்ணனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கரைக்கு இழுத்துப்போனார். நான் துணி கிழிய இழுத்து விடுவித்து, துடுப்புப் போட்டுப் பின்னாலேயே வந்தேன். கரையில் போட்டு நெஞ்சை அழுத்தி அழுத்தி, வாயிலிருந்து தண்ணீரும் சேறும் வந்து, ஒரு இருமல் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“மண்ணு லாரிக்காரனுங்க வெட்டின பள்ளம்மா அது. ரெண்டு ஆள் ஆழம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். யாரையாச்சும் கேட்டியா?”

“மெஷின் மூணடின்னு காட்டிச்சு...”

“மெஷினு சரியாச் சொல்லுதான்னு பாக்க உங்கண்ணந்தான் கெடச்சாரா?”

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன் துண்டை எடுத்து அண்ணனுக்குப் போர்த்திவிட்டு, ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். பிறகு மூன்று தடவை போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என்னைத் திட்டவே இல்லை. “கால் எட்டுற தண்ணின்னு சொன்னியே” என்று ஒரு தடவை கேட்டாள். இன்றுவரை அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தட்டு வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அண்ணன் பிழைத்தான். ஆனால் நுரையீரலில் சேறு போய்க் காய்ச்சலாகி, இப்போதும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பசை வாடை பட்டால் இருமல் நிற்பதில்லை. அதனால் சோல் லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். டப்பாவுக்குள் தாள் மடித்து வைக்கிறான்.

ஒரு மாசம் கழித்து, ஒலி அனுப்புகிற அந்தத் துண்டையும் திரையையும் பேட்டரியோடு கழற்றி எடுத்துக்கொண்டு தெரிந்தவர் ஒருவரின் விவசாயக் கிணற்றுக்குத் தனியாகப் போனேன். உள்ளே விட்டேன். மூன்றடி. மேலே எடுத்து பிளேடால் ஸ்பாஞ்சை வெட்டினேன். பசை விடவே இல்லை, சீவிச் சீவித்தான் எடுக்க முடிந்தது. மறுபடி விட்டேன். முப்பத்தொன்று. கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஸ்பாஞ்ச் என்பது முழுக்கக் காற்றுக் குமிழிகள், ஒலி அதைத் தாண்டிப் போகவே போகாது. முகத்துக்கு முன்னால் இருந்த தடுப்பில் பட்டுத் திரும்பிய ஒலியைத்தான், தன்னால் காட்ட முடிகிற குறைந்த ஆழமாக, மூன்றடி என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. கரையோரம் குச்சியும் மூன்றடி காட்டியது வெறும் தற்செயல். அந்தக் கிணற்றங்கரையிலேயே உட்கார்ந்து, வறண்ட வருஷத்தில் எடுத்த ஏரியின் சாட்டிலைட் படத்தைப் போனில் தேடினேன். பள்ளங்கள் வரிசையாக, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. எத்தனையோ நாள் கருவியைத் தேடின அதே போனில்.

இதெல்லாம் அறியாமை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் கருவியோடு மடித்த தாள் ஒன்று வந்திருந்தது. துண்டின் முகத்தில் எதையும் ஒட்டாதீர்கள், காற்றுக் குமிழி கூடவே கூடாது என்று படம் போட்டு, குறுக்கே சிவப்பில் கோடு அடித்திருந்தது. சோல் போடச் சொல்வதற்கு முன்னாடியே அதை நான் பார்த்திருந்தேன். அவசரத்தில், பெரிய படகுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து டப்பாவில் போட்டு மூடினேன்.

அண்ணனுக்கு அது தெரியாது. ஒரு நாள் சாப்பிடும்போது அவனே சொன்னான்: “சொல்யூஷன நான்தான் ஜாஸ்தி பூசிட்டேன் போல, பாப்பா. ஒரு கோட்டோட நிறுத்தியிருக்கணும். அதான் மெஷினு பேஜார் பண்ணிச்சு.” அண்ணி அவனைத்தான் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்போது சும்மா இருந்ததை விட, தொடர்ந்து எட்டு மாசம் சும்மா இருந்ததுதான் கொடுமை. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கொண்டுவந்து ஒட்டித் தரச் சொன்னால், “என் கை இப்ப சரியில்லீங்க, வேற ஆள்கிட்ட குடுங்க” என்கிறான். இருமலுக்காகச் சொல்கிறான் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன். பசை சரியாகத்தான் இருந்தது, ஒட்டியதும் சரி, ஒட்டக் கூடாது என்று பார்த்துவிட்டும் ஒட்டச் சொன்னது நான். நாலு தடவை முயன்று நாலு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டு எழுந்திருக்கிறேன். அதனால்தான் இந்த முறை முதலில் எழுதிவிட்டேன். அண்ணி என்ன செய்வாள் என்று நான் யோசிக்கவில்லை. தன் கைமேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை இத்தனை நாள் நான் பறித்து வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது அவன் அதை வாங்கிக்கொள்கிற நிலையில் இருப்பானா என்ற பயம் ஒன்றுதான் இப்போது எனக்குள் இருக்கிறது.