இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். மரவள்ளியும் கரும்பும் போடுகிறோம். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவன். இப்படிப்பட்டவன் சாமி விஷயத்தில் ஏமாற்ற மாட்டான் என்று ஒருவர் என்னை நம்பினார்.

அவர் வெளிநாட்டுப் பெண். குடிதண்ணீர் வசதி செய்து கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் வேலையாக, சின்ன வயதில் வந்து எங்கள் ஊரில் இரண்டு வருஷம் தங்கினார். களை எடுக்கிற பெண்களோடு உட்கார்ந்து தமிழ் கற்றதால் அவர் பேச்சு எங்கள் பேச்சாகவே இருக்கும். "இன்னாண்ணா, சாப்டாச்சா?" என்று அவர் கேட்டால் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

ஊருக்கு ஒரு போர்க் கிணறுதான் என்று மேலே சொல்லிவிட்டார்கள். நீரோட்டம் பார்க்க வந்தவர் இரண்டு இடம் குறித்தார். ஒன்று காலனி முனை, இன்னொன்று எங்கள் தெருவில் கோயிலுக்கு எதிரே. எங்களுக்கு வயல் கிணறு இருந்தது. காலனியில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. அதனால் அந்தம்மாவுக்குக் காலனியில் போடத்தான் மனசு. எங்கள் தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. தண்ணீர்க் கமிட்டிக்கு நான் தலைவர்.

"பூ கேட்டுப் பாக்கலாம்மா. ஆத்தா சொன்னா ரெண்டு பக்கமும் ஒத்துக்குவாங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க ஊரு, உங்க சாமி. செரிண்ணா."

பூ கேட்பதென்றால், சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்போம். ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் வாக்கு. மற்றதைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் விட்டுவிட வேண்டும். சிவப்பு வந்தால் காலனி, வெள்ளை வந்தால் எங்கள் தெரு என்று பேச்சு. பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் நந்தியாவட்டை வைத்துக் கட்டினேன்.

அவரையே எடுக்கச் சொன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளை. எங்கள் தெருக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

காலனிக்குக் குழாய் வரப் பல வருஷம் ஆனது. அதுவரை அந்தப் பெண்கள் எங்கள் தெருவுக்கு வந்து, நாங்கள் பிடித்து முடிக்கிற வரைக்கும் வெயிலில் தள்ளி நின்று, கடைசியில் குடத்தை வைத்தார்கள். சில நாள் அதற்குள் பம்பில் காற்றுதான் வரும்.

அந்தம்மா அப்புறம் வேறு வேறு நாடுகளில் இதே வேலை பார்த்தார். பிறகு அவருடைய நாட்டு அரசாங்கத்தில் சேர்ந்து தூதர் ஆனார் என்று கேள்விப்பட்டோம். போன வருஷம் கரியாலூருக்குப் போகிற வழியில் எங்கள் ஊரில் இறங்கினார். கோயில் முன்னால் பந்தல் போட்டோம். முடி நரைத்திருந்தது, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"சண்டைக்கு நிக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசுறதுதான் என் வேல. அவங்க எத நம்புறாங்களோ அத வச்சிதான் பேசணும். இத எனக்குக் கத்துக்குடுத்தது இந்த ஊரு. போற எடமெல்லாம் அந்தப் பூக் கதையத்தான் சொல்லிக்கினு இருக்கேன்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

என் பங்காளி காதில் சொன்னான்: "தலைவரே, உன் பூ ஒலகம் சுத்திக்கினு வருது. நீ தியாகதுருகம் தாண்டல."

எனக்குத் தலை நிமிரவில்லை. பந்தல் ஓரத்தில் காலனிப் பெண்கள் நின்றிருந்தார்கள். இத்தனை வருஷம் அம்மன் எதிரில் நின்றபோது வராத கூச்சம், அந்தக் கும்பிடு வாங்கியபோது வந்தது.

அவர் காரில் ஏறப்போகும்போது கிட்டே போய்ச் சொல்லிவிட்டேன். "அந்தப் பூ பொய்யிம்மா. ரெண்டுலயும் வெள்ளதான் வச்சேன்."

கதவைப் பிடித்தபடி நின்றார். "இன்னொரு பொட்டலம்?"

"கெணத்துல போட்டுட்டேன்."

"எடுத்தது என் கையிண்ணா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எத்தினி எடத்துல சொல்லிட்டேன். இனிமே முழுசாத்தான் சொல்லணும்." பிறகு பந்தல் ஓரத்தைக் காட்டினார். "ஆனா என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? தண்ணி இல்லாம நின்னது நானா?"

கார் போய்விட்டது. அன்று நான் காலனிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள், எங்கள் காட்டில் ரொம்ப வருஷம் களை எடுத்த ஒரு அம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். சொன்னேன். அவர் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியுங்க" என்றார். "அன்னைக்கு உங்க கொல்லையிலதான களை எடுத்துக்கினு இருந்தேன். நந்தியாவட்டைய மட்டும் பறிச்சிக்கினு போனீங்க. பக்கத்துலயே செவப்பு அரளி பூத்துக் கெடந்துச்சி, அதத் தொடல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநா வேலைக்கு யாருங்க கூப்புடுவாங்க?" அப்போதுதான் நிமிர்ந்தார். "பாவம், அந்தப் பொண்ணு கண்ண மூடிக்கினு எடுத்துச்சி. அதுக்குத்தான் எனக்கு மனசு கேக்கல."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த புளியை எடுத்துவிட்டார். இப்போதும் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன். பூ மட்டும் என் கையால் பறிப்பதில்லை.